வாசகர் கேள்விகள்: 'சூப்பர் 8' படமும் ஏரியா 51 ரகசியமும்

சென்ற இதழில் வேறொரு பதிலின் நடுவே, லீவு நாளில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க 'சூப்பர் 8' நல்ல படம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிடும் போலிருக்கிறது. பாராட்டி வந்தவற்றைவிடச் சண்டைக்கு வந்தவைதான் அதிகம். சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும், இந்த முறை இதையே பேசிவிடலாம்.

விருதுநகர் வாசகர்: உங்கள் பேச்சைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு ரயில் கவிழ்கிறது, ஒரு ஜந்து தப்பிக்கிறது, ராணுவம் மூடி மறைக்கிறது, சின்னப் பையன்கள் கண்டுபிடிக்கிறார்கள். இவ்வளவுதானே? இதில் அப்படி என்ன கனம் இருக்கிறது?

கனம் இல்லைதான். கனமான படம் என்று நானும் சொல்லவில்லையே. ஆனால் லேசான படம் வேறு, காலியான படம் வேறு.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1979, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் லிலியன் என்று ஒரு சின்ன ஊர். ஊர் கற்பனை, படம் பிடித்தது மேற்கு வர்ஜீனியாவில் வியர்ட்டன் என்கிற நிஜமான எஃகு ஆலை ஊரில். முதல் காட்சியில் ஆலை வாசலில் ஒரு போர்டு, விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று காட்டுவது. ஓர் ஆள் ஏணியில் ஏறி அந்தப் பெரிய எண்ணைக் கழற்றிவிட்டு 1 என்று மாட்டுகிறார். ஒரு வசனம் இல்லை. அடுத்த காட்சி துக்க வீடு, வெளியே பனியில் ஊஞ்சலில் தனியாக ஒரு பையன். அவன் அம்மாதான் ஆலையில் இறந்தவர் என்று நமக்கே புரிந்துவிடுகிறது. இந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

பையன் பெயர் ஜோ. அப்பா ஊரின் துணை ஷெரிஃப், அதாவது அங்கத்துப் போலீஸ் அதிகாரி, மகனோடு எப்படிப் பேசுவது என்று தெரியாதவர். நான்கு மாதம் கழித்துப் பள்ளி லீவில் ஜோவும் நண்பர்களும் ஒரு ஸோம்பி படம் எடுக்கிறார்கள். ராத்திரி ஒரு பாழடைந்த ரயில் நிலையத்தில் காட்சி எடுக்கும்போது சரக்கு ரயில் வருகிறது, பின்னணியில் ரயில் ஓடினால் படம் பெரிதாகத் தெரியும் என்று சின்ன டைரக்டர் சார்லஸ் பரபரக்கிறான், அதே நேரம் ஒரு பிக்அப் வண்டி தண்டவாளத்தில் ஏறி ரயிலுக்கு நேராக ஓடுகிறது. ரயில் கவிழ்கிறது. உள்ளே விமானப்படை அடைத்து எடுத்துப்போன ஒன்று வெளியே வந்துவிடுகிறது. கீழே விழுந்த கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் ஜந்துவைப் பார்த்தீர்கள், நான் பையன்களைப் பார்த்தேன். ஊரில் நாய்கள் ஓடிப்போகின்றன, கார் இன்ஜின்கள் காணாமல் போகின்றன, ஆட்கள் மறைகிறார்கள், இவர்களோ ராணுவ வண்டிகள் நிற்கும் இடத்தில் போய், பின்னணி ஓசியில் கிடைக்கிறதே என்று அடுத்த காட்சியை எடுக்கிறார்கள்! வேலையில் மூழ்கிய பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள். இவர்கள் படத்தில் நடிக்க வரும் ஆலிஸ் என்ற பெண் முதல்முறை பிளாட்பாரத்தில் வசனம் ஒத்திகை பார்க்கும் இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். கணவனைப் போகாதே என்று சொல்லும் சாதாரண வசனம், ஒரு ஸோம்பி படத்துக்குப் பள்ளிப் பையன் எழுதியது. அந்தப் பெண் பேச ஆரம்பித்ததும் சுற்றி நிற்கும் பையன்கள் அப்படியே வாயடைத்துப் போகிறார்கள். நடித்த எல் ஃபேனிங்குக்கு அப்போது 12 வயது. ஜோவாக வரும் ஜோயல் கோர்ட்னிக்கு இது முதல் படம்.

திருச்சி வாசகி: படத்தின் பெயருக்கு என்ன அர்த்தம்? கடைசி வரை எனக்குப் புரியவில்லை.

அது ஃபிலிமின் பெயர். கோடாக் நிறுவனம் 1965இல் வீட்டு உபயோகத்துக்காகக் கொண்டுவந்த 8 மில்லிமீட்டர் ஃபிலிம்தான் சூப்பர் 8. அதற்கு முன்பெல்லாம் ஃபிலிமைக் கையால் சுற்றி மாட்ட வேண்டும், வெளிச்சம் பட்டால் போச்சு. இதில் சுருள் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளேயே இருக்கும், கேமராவில் சொருகினால் போதும், பள்ளிப் பையனும் எடுக்கலாம். ஒரு பெட்டியில் 50 அடி ஃபிலிம். நொடிக்கு 18 ஃபிரேம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு லேபுக்குக் கொடுத்துக் கழுவ வேண்டும், நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கதையே இந்தக் காத்திருப்பில்தான் நிற்கிறது. விபத்தின்போது ஓடிய கேமராவுக்குள் ஜந்துவின் படம் இருக்கிறது, ஆனால் ஃபிலிம் கழுவி வரும்வரை யாருக்கும் அது தெரியாது. இன்றைக்கு அதே விபத்து நடந்தால் பத்தாவது நிமிடம் எல்லோருடைய போனிலும் ஓடும், கதையும் அங்கேயே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் 36 படம் எடுக்கும் ஃபிலிம் ரோலைத் தீபாவளிக்குப் போட்டால் பொங்கலுக்குத்தான் தீரும், ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு நானும் அக்காவும் தினம் அந்தக் கடை வழியாகவே பள்ளிக்கூடம் போவோம். அந்த நாட்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: ஜந்துவை ஒழுங்காகக் காட்டவே இல்லையே. கிராபிக்ஸ் செலவைக் குறைக்கவா?

இல்லை. படத்தின் பட்ஜெட் சுமார் 5 கோடி டாலர், உலகம் முழுக்க சுமார் 26 கோடி டாலர் வசூல். ரயில் கவிழும் காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் செலவைக் குறைத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

மறைத்து வைப்பது பழைய வித்தை, படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஸ்பீல்பெர்க் அதைத் தற்செயலாகக் கற்றுக்கொண்டார். 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. சுறாவைக் காட்ட முடியாமல் துடுப்பையும் மிதவைகளையும் இசையையும் வைத்துச் சமாளித்தார். அதுவே படத்தின் பலமானது. 'சூப்பர் 8'இல் பெட்ரோல் பங்க் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரப் பையன் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிறான், வெளியே ஷெரிஃபை எதுவோ இழுத்துப் போகிறது. எதையும் முழுதாகப் பார்க்கவில்லை, ஆனால் உடம்பு கூசுகிறது.

கடைசியில் ஜந்துவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு அந்தக் கூச்சம் எனக்குப் போய்விட்டது. ஆறேழு கால்களும் வழவழப்பான முகமுமாக, வேறு பத்துப் படங்களில் பார்த்த மாதிரி இருந்தது. அங்கே உங்கள் பக்கம்தான் நான்.

யாழ்ப்பாணம் வாசகர்: படத்தின் டீசரில் சொல்லும் ஏரியா 51 என்ற இடம் உண்மையிலேயே இருக்கிறதா? அங்கே வேற்றுக்கிரகவாசிகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது உண்மையா?

இடம் உண்மை. நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகஸிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தூரத்தில், க்ரூம் ஏரி என்கிற வறண்ட உப்பு ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. 1955இல் யு-2 உளவு விமானத்தைச் சோதித்துப் பார்க்கத்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள். சோவியத் நாட்டின் மேல் யாரும் எட்ட முடியாத உயரத்தில் பறந்து படம் எடுக்க வேண்டும், அதை உள்ளூரில்கூட யாரும் பார்த்துவிடக் கூடாது.

எனக்கு இதில் மிகவும் சுவையான இடம் எதுவென்றால், பறக்கும் தட்டுக் கதைகளுக்கு அந்த விமானமே தீனி போட்டதுதான். அன்றைய பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில் பறந்தன. யு-2 பறந்தது 60,000 அடிக்கும் மேலே. சாயங்காலம் சூரியன் இறங்கி, கீழே பறக்கும் விமானிக்கு இருட்டிவிட்டிருக்கும், ஆனால் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில் அடிக்கும், அந்த வெள்ளி இறக்கைகள் அதில் தீப்பிடித்த மாதிரி மின்னும். அந்த உயரத்தில் மனிதன் செய்த எதுவும் பறக்க முடியாது என்று எல்லோரும் நம்பிய காலம். பார்த்த விமானி பொய் சொல்லவில்லை, விசாரித்த அதிகாரிகளில் விவரம் தெரிந்தவர்களாலும் அது எங்கள் விமானம் என்று வெளியே சொல்ல முடியவில்லை. இப்படி ஒரு உண்மையை மறைக்கப்போய் ஒரு பொய் தானாக வளர்ந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அந்த இடத்தின் பெயரைச் சொல்லி, யு-2 சோதனைத் தளம் என்று ஒப்புக்கொள்ளும் ஆவணம் வெளியே வந்தது 2013இல்தான். 58 ஆண்டுகள்!

வேற்றுக்கிரகவாசிகளைப் பொறுத்தவரை, இன்றுவரை ஒரு சான்றும் இல்லை. 1952 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை 'புளூ புக்' என்ற பெயரில் ஒரு விசாரணை நடத்தியது. மொத்தம் 12,618 தகவல்கள், அவற்றில் 701க்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்கவில்லை என்றால் அவ்வளவுதான் அர்த்தம், வானத்திலிருந்து யாரோ வந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. 2024 மார்ச்சில் பென்டகன் வெளியிட்ட அறிக்கையும், அரசிடம் அப்படி எந்தப் பொருளும் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது.

சேலம் வாசகர்: படத்தில் அந்த ரயில் ஏன் ஓஹாயோவுக்கு வருகிறது? இயக்குநர் சும்மா ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தாரா?

நல்ல கேள்வி, இதை வேறு யாருமே கேட்கவில்லை. சும்மா தேர்ந்தெடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஏரியா 51இன் ஒரு பகுதியை மூடிவிட்டு அங்கிருந்ததை ஓஹாயோவுக்கு மாற்றுகிறார்கள் என்று படத்தின் முதல் டீசரிலேயே சொல்லிவிட்டார்கள். நிஜத்தில் மேலே சொன்ன 'புளூ புக்' விசாரணையின் தலைமையிடம் ஓஹாயோவில் டேட்டன் நகரை ஒட்டிய ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளம்தான். ராஸ்வெல்லில் கிடைத்த பறக்கும் தட்டை அங்கேதான் ஒரு கொட்டகையில் வைத்திருக்கிறார்கள் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள்.

ராஸ்வெல் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன், ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள். 1947 ஜூலை 8ஆம் தேதி, நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் விமானத் தளம் 'பறக்கும் தட்டு' கிடைத்ததாகத் தானே அறிக்கை விட்டது. ஒரு நாளுக்குள் அது வெறும் வானிலை பலூன் என்று மாற்றிச் சொன்னார்கள். இரண்டும் சரியில்லை. 1994இல் விமானப்படை வெளியிட்ட அறிக்கைப்படி அது 'மோகுல்' என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் வரிசை. சோவியத் நாடு அணுகுண்டு வெடித்தால் அந்த ஒலியலை மேல் வளிமண்டலம் வழியாக வெகுதூரம் வரும், அதைப் பிடிக்க மைக்குகளைக் கட்டிப் பலூன்களைப் பறக்கவிட்டார்கள். கீழே விழுந்தது ரப்பர், பளபளக்கும் தாள், மெல்லிய மரக்குச்சி, டேப். அந்த டேப்பில் பூப்போட்ட அச்சு இருந்ததாம், அதுதான் பின்னாளில் வேற்றுக்கிரக எழுத்து ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். கதை நடக்கும் 1979இல் சாதாரண அமெரிக்கர் யாருக்கும் ஏரியா 51 என்ற பெயர் தெரிந்திருக்காது. அது ஊர்வாய்க்கு வந்தது 1989இல் லாஸ் வேகஸ் தொலைக்காட்சியில் பாப் லசார் என்பவர் பேசிய பிறகுதான். ராஸ்வெல்லும் 30 ஆண்டுகள் மறந்து கிடந்து, 1980இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் வந்த பிறகே மறுபடி பரவியது. அதனால்தானோ என்னவோ, படத்தில் விண்கலம் விழுந்த ஆண்டை 1958 என்று வைத்து ராஸ்வெல்லை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் 1979 என்ற ஆண்டு வேறொரு வகையில் பொருத்தம். அந்த மார்ச் மாதம் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலேண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. அதிகாரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள், மக்கள் எதை நம்புவது என்று தெரியாமல் ஊரைக் காலி செய்தார்கள். படத்தில் விமானப்படை தானே காட்டுத்தீயை மூட்டிவிட்டு, அதைச் சாக்காகச் சொல்லி ஊரைக் காலி செய்யும் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

மதுரை வாசகி: ஊர்க்காரர்களைப் பிடித்துப்போய்த் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தின்ற ஜந்து அது. கடைசியில் அது விண்கலத்தில் ஏறிப் போகும்போது எல்லோரும் கண்கலங்கி நிற்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

உங்கள் கோபம் சரியானது. படத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

படம் சொல்ல வந்தது எனக்குப் புரிகிறது. அந்த உயிர் சண்டைக்கு வரவில்லை, விபத்தில் இங்கே விழுந்தது. உடைந்த கலத்தைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போக நினைத்தது. விமானப்படை அதை 20 ஆண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்துச் சோதனை என்ற பெயரில் வதைத்தது. ரயிலை மோதிக் கவிழ்த்த வுட்வர்ட் ஒருகாலத்தில் அந்தச் சோதனைகளில் இருந்தவர், இப்போது பையன்களின் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். அந்த உயிர் தொட்டபோது அதன் வலி முழுக்கத் தன்னுள் இறங்கியதாகச் சொல்கிறார். வதைத்தால் எதுவும் மிருகமாகும். ஜோவுக்கும் அதே நிலைமைதான், அவனும் ஒரு விபத்தால் வாழ்க்கை உடைந்து நிற்பவன். அதனால்தான் நிலத்தடியில் அது அவனைக் கையில் தூக்கும்போது, கெட்டது நடக்கும், ஆனாலும் வாழ முடியும் என்று அவன் அதனிடம் சொல்கிறான்.

நல்ல எண்ணம். ஆனால் இதை நம்ப வைக்க அந்த உயிருக்கு ஒரு நல்ல காட்சியாவது வேண்டாமா? அதன் துன்பம் முழுவதும் வுட்வர்டின் பழைய ஃபிலிம் சுருளிலும் ஒலிப்பதிவிலும் சில நிமிடங்களில் வந்து போய்விடுகிறது, நம் கண்முன் அது செய்வதெல்லாம் இழுத்துப் போவதும் கடிப்பதும்தான். அது தின்ற மனிதர்களின் வீட்டில் யார் அழுதார்கள் என்று படம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தாயின் சாவுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துத் தொடங்கிய படம் மற்றவர்களின் சாவை இப்படி விட்டிருக்கக் கூடாது. எனக்கு இது இன்னும் வருத்தம்தான்.

ஆனாலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி அந்த விண்கலம் தன்னைத்தானே கோத்துக்கொள்ளும்போது ஊரிலுள்ள இரும்பையெல்லாம் இழுக்கிறது, ஜோவின் கையிலிருக்கும் அம்மாவின் லாக்கெட்டும் இழுபடுகிறது, அவன் ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறான். நான் கண்கலங்கியது அந்த லாக்கெட்டுக்கு. ஜந்துவுக்கு இல்லை.

தஞ்சாவூர், 9ஆம் வகுப்பு மாணவி: நானும் மூன்று தோழிகளும் போனில் ஒரு பேய்ப்படம் எடுக்கிறோம். வீட்டில் திட்டுகிறார்கள். நாங்கள் நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதே அம்மா. படிப்பு நேரத்தைத் தொடாமல், லீவு நாளில் எடுப்போம் என்று வீட்டில் சொல்லிப் பார். முடிந்தால் அம்மாவையும் ஒரு வேடத்தில் நடிக்கவை, பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஸ்பீல்பெர்க் 17 வயதில், 1964இல், தன் ஊரான ஃபீனிக்ஸில் 8 மில்லிமீட்டர் கேமராவில் 'ஃபயர்லைட்' என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு படம் எடுத்தார், வானத்து விளக்குகள் மனிதர்களைத் தூக்கிப்போகும் கதை. செலவு சுமார் 500 டாலர். உள்ளூர் அரங்கில் ஒரு நாள் ஓட்டினார். அதன் பெரும்பகுதி இன்று தொலைந்துவிட்டது. 'சூப்பர் 8' இயக்குநர் ஜே.ஜே. ஆப்ராம்ஸும் அவருடைய நண்பர் மேட் ரீவ்ஸும் பள்ளி வயதில் இதே மாதிரி படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதைக் கேள்விப்பட்டு, ஸ்பீல்பெர்க் சிறுவயதில் எடுத்த பழைய 8 மில்லிமீட்டர் படங்களைச் சரிசெய்யும் வேலையை இந்த இரண்டு பையன்களிடம் கொடுத்தார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து அந்த ஸ்பீல்பெர்க் தயாரிப்பில் அந்த ஆப்ராம்ஸ் எடுத்த படம்தான் இது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர்களிடம் மூன்று நிமிட ஃபிலிம்தான் இருந்தது, வீணாக்க முடியாது, அதனால் எடுப்பதற்கு முன் பலமுறை ஒத்திகை பார்த்தார்கள். உன் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் ஒத்திகையை விட்டுவிடாதே. இன்னொன்று, சார்லஸ் மாதிரி ரயில் பக்கம் மட்டும் போகாதீர்கள். தண்டவாளம், கிணற்றடி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், இந்த மூன்று இடத்திலும் கேமரா வேண்டாம். படம் முடிந்ததும் எனக்கு எழுது.

ஈரோடு வாசகர்: என் மகனுக்கு 8 வயது. காட்டலாமா?

இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும். அமெரிக்காவிலேயே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்ட வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்த படம். பெட்ரோல் பங்க் காட்சியும் ராணுவப் பஸ்ஸுக்குள் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் காட்சியும் பெரியவர்களையே தூக்கிவாரிப்போடும், பையன்கள் கெட்ட வார்த்தையும் நிறையப் பேசுகிறார்கள். நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். படம் முழுக்கப் பையன்கள் ஓடி ஓடி எடுத்தார்களே அந்த ஸோம்பி படம், அது அப்போதுதான் முழுசாக வருகிறது.